மீட்டர் ஓடுகிறதா? குழந்தைகளின் ஹாட்ஜ்கின் லிம்ஃபோமாவும் பெட் ஸ்கேனும்

இரண்டு சுற்று கீமோ முடிந்த குழந்தைக்கு பெட் ஸ்கேன் எடுத்தாகிவிட்டது. ரிப்போர்ட்டில் 'டோவில் ஸ்கோர் 2' என்று இருக்கிறது. மொத்தம் ஐந்து என்பதால், நோயில் ஐந்தில் இரண்டு பங்கு மிச்சம் என்று கணக்குப் போட்டுக் குடும்பமே கலங்கிப்போகிறது. உண்மையில் அது நல்ல செய்தி. இன்னொரு வீட்டில், 'மார்பில் 3 சென்டிமீட்டர் கட்டி மிச்சமுள்ளது' என்ற ஒற்றை வரியைப் படித்துவிட்டு, மருந்து கேட்கவில்லை என்று ஆஸ்பத்திரியை மாற்றுகிறார்கள். வேறொரு வீட்டில், ஸ்கேனில் எல்லாம் அணைந்துவிட்டது என்று கேட்டதுமே மீதிக் கீமோவை நிறுத்திவிடுகிறார்கள்.

மூன்று தவறுக்கும் வேர் ஒன்று. பெட் ஸ்கேன் புற்றுநோயைப் படம் பிடிக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். அந்தக் கருவிக்குப் புற்றுநோய் தெரியாது. உடம்பில் எந்தெந்த இடம் சர்க்கரையை அதிகமாக இழுக்கிறது என்பது மட்டும்தான் தெரியும். இதைப் பிடித்துக்கொண்டால் ரிப்போர்ட்டின் பாதி வரிகள் தானாகப் புரிந்துவிடும்.

எந்த நோயைப் பற்றிப் பேசுகிறோம்

கழுத்து, அக்குள், மார்பு, வயிறு, தொடை இடுக்கு என உடம்பெங்கும் அவரை விதை போன்ற சிறு முடிச்சுகள் இருக்கின்றன. இவை நிணநீர்க் கணுக்கள். காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுகிறதே, அந்த நெறி இதுதான். நோய் எதிர்ப்பு அணுக்கள் (செல்கள்) தங்கும் இந்த முடிச்சுகளில் தொடங்கும் புற்றுநோய்க்கு லிம்ஃபோமா என்று பெயர். அதில் ஒரு வகை ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா. 1832-இல் இதை முதலில் விவரித்த ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் ஹாட்ஜ்கின் பெயரால் அழைக்கப்படுகிறது. பதின்பருவப் பிள்ளைகளிடம் அதிகம் காணப்படுவது. குழந்தைப் புற்றுநோய்களில் மிக நன்றாகக் குணமாகும் நோய்களில் ஒன்று. பெட் ஸ்கேன் மிக உறுதியாகக் காலூன்றியிருப்பதும் இதில்தான். ஆகவே கட்டுரையின் பெரும்பகுதி இதைப் பற்றியது.

இந்தக் கட்டியில் ஒரு விசித்திரம் உண்டு. கட்டி முழுவதும் புற்றணு என்று நினைப்போம். ஹாட்ஜ்கின் கட்டியில் உண்மையான புற்றணுக்கள் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில்தான் இருக்கும். மற்றதெல்லாம் அந்தப் புற்றணு தன்னைச் சுற்றி வரவழைத்துக்கொண்ட சாதாரண எதிர்ப்பணுக்களும் நார்த்திசுவும். ஒரு ரவுடி, அவனைச் சுற்றி நூறு பேர் கூட்டம். அவன் போய்விட்டால் கூட்டம் கலைந்துவிடும். பந்தல் மட்டும் அப்படியே நிற்கும். கீமோவுக்குப் பிறகும் ஸ்கேனில் தெரியும் கட்டி பல நேரம் அந்தக் காலிப் பந்தல்தான். நார்த்திசுவாக இறுகிய தழும்பு.

வீட்டின் அளவும் மின் மீட்டரும்

தெருவில் நின்று ஒரு வீட்டைப் பார்த்தால் எத்தனை மாடி, எவ்வளவு அகலம் என்று சொல்லலாம். உள்ளே ஆள் இருக்கிறார்களா என்று சொல்ல முடியாது. அதற்கு மின் மீட்டரைப் பார்க்க வேண்டும். வேகமாக ஓடினால் உள்ளே ஃபேன், மிக்ஸி, மோட்டார் எல்லாம் ஓடுகின்றன என்று பொருள். நின்றிருந்தால் வீடு பெரிதாக இருந்தாலும் பூட்டிக் கிடக்கிறது.

சிடி ஸ்கேன் வீட்டின் அளவைச் சொல்கிறது. பெட் ஸ்கேன் மீட்டரைப் படிக்கிறது. இப்போதுள்ள கருவிகளில் இரண்டும் ஒரே குழாய்க்குள் அடுத்தடுத்து எடுக்கப்பட்டு, ஒரே படமாகப் பொருத்தப்படுகின்றன. அதனால்தான் பெட்-சிடி என்று சொல்கிறோம். ரிப்போர்ட்டில் கட்டியின் சென்டிமீட்டர் அளவும் ஒளிர்வும் தனித்தனியாக எழுதப்படுவதற்குக் காரணம் இதுதான். 3 சென்டிமீட்டர் கட்டி இருக்கிறது, ஆனால் ஒளிர்வு இல்லை என்றால் பூட்டிய வீடு.

இந்த உவமைக்கு ஒரு எல்லை உண்டு, அதையும் இப்போதே சொல்லிவிட வேண்டும். மீட்டர் ஓடுகிறது என்றால் உள்ளே யாரோ இருக்கிறார்கள். குடியிருப்பவரா திருடனா என்று மீட்டர் சொல்லாது. இந்த விஷயத்துக்குப் பின்னால் மீண்டும் வருவோம். குழந்தைகளின் பெட் ஸ்கேனில் சிக்கல் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

மீட்டர் எப்படி வேலை செய்கிறது

வேகமாகப் பெருகும் அணுக்கள் குளுக்கோஸை அளவுக்கு மீறி இழுக்கின்றன என்பதை ஜெர்மானிய விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் 1920-களிலேயே கவனித்தார். அந்தப் பேராசையைப் பயன்படுத்தித் தூண்டில் போடுவதுதான் பெட் ஸ்கேன். தூண்டிலின் பெயர் எஃப்டிஜி. குளுக்கோஸைப் போலவே இருக்கும், ஆனால் ஒரு மூலை மாற்றப்பட்டு அங்கே கதிரியக்கமுள்ள ஃபுளோரின்-18 ஒட்டப்பட்ட மூலக்கூறு. மனிதருக்கு இது முதன்முதலில் செலுத்தப்பட்டது 1976-இல், அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில்.

நரம்பு வழியாக ஏற்றியதும் எஃப்டிஜி ரத்தத்தில் கலந்து ஓடுகிறது. அணுக்கள் அதைக் குளுக்கோஸ் என்று நம்பி உள்ளே இழுத்து, வழக்கமான முதல் வேலையாக ஒரு பாஸ்பேட்டை ஒட்டுகின்றன. குளுக்கோஸாக இருந்தால் அடுத்த படிக்குப் போய் எரிந்துவிடும். எஃப்டிஜியில் மூலை மாறியிருப்பதால் அடுத்த படி நடக்காது. பாஸ்பேட் ஒட்டிவிட்டதால் வெளியேறவும் முடியாது. எலிப்பொறியில் மாட்டியதுபோல் அணுவுக்குள் கிடக்கும். அதிகம் இழுத்த அணுவில் அதிகம் தேங்கும். இப்படித் தேங்குவதற்குச் சுமார் ஒரு மணி நேரம் வேண்டும். ஊசி போட்டுவிட்டு ஏன் ஒரு மணி நேரம் சும்மா படுக்க வைக்கிறார்கள் என்பதற்கு விடை இது.

தேங்கிய இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? ஃபுளோரின்-18 சிதையும்போது பாசிட்ரான் என்ற நேர்மின் துகளை வெளியிடும். அது ஓரிரு மில்லிமீட்டர் தூரத்துக்குள்ளேயே ஒரு எலக்ட்ரானைச் சந்தித்து இரண்டும் அழிந்து, அந்த இடத்திலிருந்து இரண்டு காமாக் கதிர்கள் நேர் எதிரெதிர் திசையில் கிளம்பும். குழந்தையைச் சுற்றியுள்ள வளையத்தில் ஆயிரக்கணக்கான உணரிகள். எதிரெதிரே இரண்டு உணரிகள் ஒரே கணத்தில் துடித்தால், அந்த இரண்டையும் இணைக்கும் கோட்டில் எங்கோ ஒரு சிதைவு நடந்திருக்கிறது. இப்படிக் கோடிக்கணக்கான கோடுகள் சேரும்போது அவை எங்கே நெருக்கமாக வெட்டிக்கொள்கின்றனவோ அங்கே கணினி பிரகாசமாக நிறம் தீட்டுகிறது.

படத்தில் நிறம் இருக்கும் இடமெல்லாம் நோய் என்று எண்ணிவிடக் கூடாது. மூளை சர்க்கரையிலேயே வாழும் உறுப்பு. எப்போதும் கொழுந்துவிட்டு எரிவதுபோல் தெரியும். எஃப்டிஜி சிறுநீரில் வெளியேறுவதால் சிறுநீரகமும் சிறுநீர்ப்பையும் பளிச்சிடும். இதயம் சில நாள் ஒளிரும், சில நாள் ஒளிராது. குழந்தைகளுக்கு டான்சில் கிட்டத்தட்ட எப்போதும் ஒளிரும். செல்போனில் அந்தப் படத்தைப் பார்த்து மூளைக்குப் பரவிவிட்டது என்று உறவினர் யாராவது சொன்னால் பொருட்படுத்த வேண்டாம்.

இதுவரை பார்த்தது: சிடி கட்டியின் அளவைக் காட்டும், பெட் சர்க்கரை இழுக்கும் வேகத்தைக் காட்டும். எஃப்டிஜி அணுக்குள் போய் மாட்டிக்கொள்வதால்தான் படம் கிடைக்கிறது. ஒளிர்வு என்றால் அங்கே சர்க்கரைப் பசி இருக்கிறது, அவ்வளவுதான்.

எப்போது எடுக்கிறார்கள்

முதல் ஸ்கேன் சிகிச்சைக்கு முன். நோய் எங்கெல்லாம் இருக்கிறது என்ற வரைபடம் இது. ஹாட்ஜ்கின் நோயில் எலும்பு மஜ்ஜை வரை பரவியிருக்கிறதா என்பதையும் இது காட்டிவிடுவதால், இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுக்கும் வலியான பரிசோதனை இப்போது பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. இந்த முதல் படம் இல்லாவிட்டால் பின்னால் எடுப்பதை ஒப்பிட ஆதாரம் இருக்காது. நடைமுறையில் இது கெட்டுப்போகும் வழி ஒன்று உண்டு. கழுத்தில் கட்டி, மூச்சு வாங்குகிறது என்று வரும் பிள்ளைக்கு எங்கோ ஓர் இடத்தில் ஸ்டீராய்டு ஊசி போட்டுவிடுகிறார்கள். லிம்ஃபோமா அணுக்கள் ஸ்டீராய்டுக்குச் சில நாட்களிலேயே வாடத் தொடங்கும். ஸ்கேன் எடுப்பதற்குள் ஒளிர்வு மங்கி, நோயின் உண்மையான பரப்பு மறைந்துபோகலாம், பயாப்ஸியும் (சதை எடுத்துப் பார்க்கும் பரிசோதனை) குழம்பலாம். மூச்சுக்குழாய் அழுந்தி உயிருக்கே ஆபத்து என்றால் ஸ்டீராய்டு கொடுத்தே ஆக வேண்டும். அப்படிக் கொடுத்திருந்தால் எந்தத் தேதியில், எவ்வளவு என்பதை ஸ்கேன் எடுப்பவரிடம் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது ஸ்கேன்தான் இந்தக் கட்டுரையின் நாயகன். பெரும்பாலான சிகிச்சைத் திட்டங்களில் இரண்டு சுற்றுக் கீமோ முடிந்து, மூன்றாவது தொடங்கும் முன் எடுக்கப்படுகிறது. இடைக்கால பெட் என்று பெயர். மருந்து கொடுத்த சூட்டோடு எடுத்தால் அழிந்த அணுக்களைச் சுத்தம் செய்ய வந்த எதிர்ப்பணுக்களே ஒளிரும். ஆகவே அடுத்த சுற்றுக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு தள்ளி எடுப்பார்கள். 'சீக்கிரம் எடுத்துவிட்டால் சீக்கிரம் தெரியுமே' என்று அவசரப்படுத்தினால், இல்லாத நோயைத் தேடி அலையும் நிலைதான் வரும்.

இடைக்கால ஸ்கேனில் ஒளிர்வு மிச்சமிருந்தவர்களுக்கும், சில திட்டங்களில் எல்லோருக்கும், சிகிச்சை முடிவில் மூன்றாவது ஸ்கேன். கீமோ முடிந்து குறைந்தது 3 வாரம், முடிந்தால் 6 முதல் 8 வாரம் இடைவெளி வேண்டும். கதிர்வீச்சுக்குப் பிறகு என்றால் சுமார் 3 மாதம். கதிர் பட்ட திசு புண்ணாறும் காலமெல்லாம் சர்க்கரை இழுத்துக்கொண்டிருக்கும் என்பதே காரணம்.

கல்லீரல்தான் அளவுகோல்

ஒளிர்வு எவ்வளவு இருந்தால் அதிகம்? 2009-இல் பிரான்ஸின் கடலோர ஊரான டோவிலில் கூடிய நிபுணர்கள் எளிமையான ஒரு வழியைச் சொன்னார்கள். அந்த ஊரின் பெயரே அளவுக்கு நிலைத்துவிட்டது. கட்டியின் ஒளிர்வை அதே குழந்தையின், அதே படத்தில் உள்ள இரண்டு இடங்களோடு ஒப்பிடுங்கள்: நெஞ்சின் நடுவே பெரிய ரத்தக்குழாயில் ஓடும் ரத்தம், அடுத்து கல்லீரல். ரத்தம் எப்போதும் மங்கல். கல்லீரல் அதைவிடச் சற்றுப் பிரகாசம்.

ஒளிர்வே இல்லை என்றால் ஸ்கோர் 1. ரத்தத்தின் அளவுக்குள் இருந்தால் 2. ரத்தத்தைவிட அதிகம், ஆனால் கல்லீரலைத் தாண்டவில்லை என்றால் 3. கல்லீரலைவிட ஓரளவு அதிகம் என்றால் 4. கல்லீரலைவிட மிக அதிகம், அல்லது முன்பு இல்லாத இடத்தில் புதிதாக நோய் முளைத்திருந்தால் 5. புதிதாக ஏதோ ஒளிர்கிறது, ஆனால் அது லிம்ஃபோமாவாகத் தோன்றவில்லை என்றால் எக்ஸ் என்று குறிப்பார்கள்.

ஆக, இது ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் என்ற கணக்கே இல்லை. மீதமுள்ள நோயின் சதவீதமும் இல்லை. மாடிப்படியில் எந்தப் படி என்று சொல்வது போன்றது. கல்லீரல் என்ற படிக்குக் கீழா மேலா என்பதே கேள்வி. பொதுவாக 1, 2, 3 நல்ல பதில். 4, 5 போதாத பதில். 3 மட்டும் கொஞ்சம் வழுக்கும் இடம். சிகிச்சையைக் குறைப்பதற்காக ஸ்கேனைப் பயன்படுத்தும் சில ஆய்வுத் திட்டங்கள் முன்னெச்சரிக்கையாக 3-ஐயும் போதாது என்றே எடுத்துக்கொண்டன. அதனால் உங்கள் குழந்தைக்குப் பின்பற்றப்படும் திட்டத்தில் 3-க்கு என்ன பொருள் என்று மருத்துவரிடமே கேட்டுக்கொள்வதுதான் சரி. பக்கத்துப் படுக்கைக் குழந்தையின் 3 வேறு முடிவுக்குப் போயிருக்கலாம், இரண்டுமே சரியாக இருக்கலாம்.

ரிப்போர்ட்டில் 'எஸ்யூவி 6.2' போன்ற எண்கள் நிறைய இருக்கும். ஏற்றிய எஃப்டிஜி மருந்து உடம்பு முழுதும் சமமாகப் பரவியிருந்தால் எல்லா இடத்திலும் எஸ்யூவி 1 வரும். 6.2 என்றால் அந்த இடத்தில் சராசரியைவிட ஆறு மடங்குக்குச் சற்று மேல் தேங்கியிருக்கிறது என்று பொருள். பயனுள்ள எண்தான், ஆனால் மெல்லிய எண். குழந்தையின் எடையைத் தவறாகக் குறித்தால் மாறும். ஊசி போட்டு 60 நிமிடத்தில் எடுப்பதற்குப் பதில் 85 நிமிடத்தில் எடுத்தால் மாறும். மருந்தில் கொஞ்சம் நரம்புக்கு வெளியே கசிந்தால் மாறும். ரத்தச் சர்க்கரை கூடியிருந்தால் மாறும். வேறு கருவியில் எடுத்தால் மாறும். கல்லீரலோடு ஒப்பிடும்போது இந்தத் தவறுகளில் பலவும் கட்டிக்கும் கல்லீரலுக்கும் ஒன்றுபோலவே நேர்வதால் கழிந்துவிடுகின்றன. தராசின் இரண்டு தட்டும் சேர்ந்து தாழ்ந்தால் எடை மாறாதல்லவா?

ஒரு கணக்கு பார்ப்போம். ரத்தம் 1.2, கல்லீரல் 1.8, மிச்சக் கட்டி 1.6 என்றால் ஸ்கோர் 3. அதே குழந்தைக்கு வேறொரு கருவியில் ரத்தம் 1.5, கல்லீரல் 2.3, கட்டி 2.0 என்று வரலாம். எண் 1.6-லிருந்து 2.0 ஆகிவிட்டது, நோய் கூடிவிட்டது என்று பயப்படுவார்கள். ஸ்கோர் இப்போதும் 3-தான்.

இந்த ஸ்கோரை வைத்து என்ன முடிவு

ஒரு காலத்தில் ஹாட்ஜ்கின் நோய் வந்த பிள்ளைகளுக்குக் கீமோவுக்குப் பிறகு கதிர்வீச்சு கிட்டத்தட்ட கட்டாயம். நோய் குணமானது. ஆனால் இருபது முப்பது ஆண்டுகள் கழித்து விலை தெரிந்தது: மார்பில் கதிர் வாங்கிய பெண் பிள்ளைகளுக்கு இளம் வயதிலேயே மார்பகப் புற்று, தைராய்டு கோளாறு, இதய வால்வும் ரத்தக்குழாயும் பழுது, கழுத்தும் தோளும் வளராமல் குறுகல். பதினாலு வயதில் குணமானவர் நாற்பதில் இன்னொரு நோயோடு வந்து நின்றார்.

ஆகவே கேள்வி இப்படி மாறியது: இரண்டு சுற்றிலேயே நன்றாக அடங்கிவிடும் பிள்ளைகளுக்குக் கதிர்வீச்சு வேண்டுமா? 2007 முதல் 2013 வரை ஐரோப்பாவின் பல நாடுகளில் குழந்தைகளைச் சேர்த்து நடந்த யூரோநெட் பிஎச்எல் சி1 என்ற ஆய்வு இதைச் சோதித்தது. வின்கிரிஸ்டின், எட்டோபோசைட், பிரெட்னிசோன், டாக்ஸோரூபிசின் ஆகிய நான்கு மருந்தும் சேர்ந்த ஓஈபிஏ என்ற கீமோ இரண்டு சுற்று. அதன்பின் இடைக்கால பெட். ஒளிர்வு அடங்கி, கட்டியும் போதிய அளவு சுருங்கியவர்களுக்குக் கதிர்வீச்சே கொடுக்கப்படவில்லை. நடுத்தர, முற்றிய நிலை நோயோடு வந்து, இப்படிக் கதிர்வீச்சு தவிர்க்கப்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்குச் சுமார் 90 பேர் ஐந்தாண்டு கழித்தும் நோய் திரும்பாமல், வேறு பெரிய நிகழ்வும் இல்லாமல் இருந்தார்கள்.

குழந்தைகளின் இடைக்கால பெட் முதன்மையாக நோய் மிச்சத்தை வேட்டையாடும் கருவி என்று பலர் நினைக்கிறார்கள். அதன் பெரிய பயன், யாருக்குச் சிகிச்சையைக் குறைக்கலாம் என்று சொல்வது. ஸ்கோர் 4 வந்த குழந்தைக்கும் வானம் இடிந்து விழுவதில்லை. பெரும்பாலும் திட்டத்தில் ஏற்கெனவே எழுதியிருக்கும் கூடுதல் பாதைக்குப் போவார்கள்: சற்றே வலுவான கீமோ, அல்லது முடிவில் நோய் இருந்த இடத்துக்குக் கதிர்வீச்சு. அப்படிச் சேர்த்துக் கொடுத்து நன்றாக இருக்கும் பிள்ளைகள் ஏராளம்.

ஸ்கேன் நன்றாக வந்துவிட்டதே, மீதிக் கீமோ ஏன் என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்ல வேண்டும். பெட் கருவியின் கண் அவ்வளவு கூர்மையானது கிடையாது. சில மில்லிமீட்டருக்குக் குறைந்த கொத்து அதற்குத் தெரியாது. அந்தச் சிறு கொத்துக்குள் லட்சக்கணக்கான அணுக்கள் இருக்க முடியும். ஸ்கோர் 1 என்றால் கருவியின் பார்வைக்குக் கீழே போய்விட்டது என்று மட்டுமே பொருள். மேலே சொன்ன 90 சதவீதம், கதிர்வீச்சைத் தவிர்த்தாலும் கீமோவை முழுவதும் முடித்தவர்களின் கணக்கு. பாதியில் நிறுத்தியவர்களுக்கு அந்த எண் பொருந்தாது. இந்த ஒரு தவறுதான் நல்ல ஸ்கேனைக் கெட்ட முடிவாக மாற்றுகிறது.

சுருக்கமாக: 1, 2, 3 என்றால் கல்லீரலைத் தாண்டவில்லை, மருந்து நன்றாகக் கேட்கிறது. 4, 5 என்றால் திட்டம் மாறலாம். எந்த ஸ்கோரும் கீமோவைப் பாதியில் நிறுத்தச் சொல்வதில்லை.

திருடனா குடியிருப்பவரா

நல்ல ஸ்கேனைப் பெரும்பாலும் நம்பலாம். மோசமான ஸ்கேனைச் சந்தேகித்துத்தான் படிக்க வேண்டும். குழந்தைகளிடம் நோய் இல்லாமலே ஒளிரும் இடங்கள் பெரியவர்களைவிட அதிகம்.

தைமஸ் சுரப்பியை முதலில் சொல்ல வேண்டும். மார்பெலும்புக்குப் பின்னால், குழந்தைப் பருவத்தில் பெரிதாக இருந்து வயதாக ஆகச் சுருங்கும் எதிர்ப்புச் சுரப்பி இது. கீமோவிலும் ஸ்டீராய்டிலும் வாடிச் சுருங்கிவிடும். சிகிச்சை முடிந்து சில மாதங்களில், வெட்டிய வாழை துளிர்ப்பதுபோல் திரும்ப வளரும். சில நேரம் முன்பைவிடப் பெரிதாகவே. வளரும் திசு சர்க்கரை இழுக்கும், ஒளிரும். ஹாட்ஜ்கின் கட்டி உட்கார்ந்திருந்ததும் பெரும்பாலும் அதே இடம்தான்! 'நோய் திரும்பிவிட்டது' என்று பதற வைக்கும் படங்களில் இது முதல் வரிசையில் வரும். தலைகீழான 'வி' போன்ற வடிவம், ஒரே சீரான மிதமான ஒளிர்வு, வேறெங்கும் எதுவும் இல்லை என்றால் அனுபவமுள்ளவர் தைமஸ் என்று அடையாளம் கண்டுகொள்வார். சந்தேகம் இருந்தால் சில வாரம் கழித்துத் திரும்பப் பார்ப்பார்கள்.

அடுத்தது பழுப்புக் கொழுப்பு. குளிரும்போது உடம்பைச் சூடாக்கச் சர்க்கரையையும் கொழுப்பையும் எரிக்கும் விசேஷக் கொழுப்பு. கழுத்து, தோள், முதுகெலும்பின் இருபுறமும் இருக்கும். பிள்ளைகளுக்கு அதிகம். ஸ்கேன் மையத்தின் ஏசி அறையில் மெல்லிய கவுனோடு நடுங்கிக்கொண்டிருந்த பிள்ளைக்கு இரண்டு பக்கக் கழுத்தும் பளபளவென்று எரியும். அதே கழுத்துக் கணுக்களில்தான் நோயும் இருந்தது. ஒரு கம்பளி தவிர்த்திருக்கக்கூடிய குழப்பம் இது.

வெள்ளணுக்களை ஏற்றுவதற்கான ஜி-சிஎஸ்எஃப் ஊசி போட்டிருந்தால் எலும்பு மஜ்ஜை முழுதும், சில நேரம் மண்ணீரலும், சீராக ஒளிரும். ஊசிக்கும் ஸ்கேனுக்கும் இரண்டு வாரம் இடைவெளி வைப்பது நல்லது. நோய் என்றால் பெரும்பாலும் திட்டுத் திட்டாக இருக்கும். எல்லா எலும்பும் ஒரே மாதிரி மின்னினால் மருந்தின் வேலையாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

நம் நாட்டில் மறக்கவே கூடாதது காசநோய். காசநோய் பிடித்த நிணநீர்க் கணு பெட்டில் லிம்ஃபோமாவைப் போலவே கொழுந்துவிட்டு ஒளிரும். கீமோவால் எதிர்ப்பு குறைந்த பிள்ளைக்கு நுரையீரலில் பூஞ்சைத் தொற்று வந்தாலும் அப்படியே. சாதாரணச் சளி, பல் சீழ், கையில் போட்ட தடுப்பூசி கூட அருகிலுள்ள கணுக்களை ஒளிர வைக்கும். பழைய இடங்கள் எல்லாம் அடங்கிவிட்டன, புதிதாக ஒரு இடம் மட்டும் எரிகிறது என்றால் லிம்ஃபோமாவுக்கு முன் தொற்றைச் சந்தேகிக்க வேண்டும். ஒளிர்வை மட்டும் நம்பி வலுவான இரண்டாம் கட்டச் சிகிச்சையை ஆரம்பிக்கக் கூடாது. சதை எடுத்து பயாப்ஸி பார்த்துவிட்டுத்தான். இந்த இடத்தில் பொறுமை பார்ப்பவரே நல்ல மருத்துவர்.

ஸ்கேன் நாளில்

எஃப்டிஜி கெட்டுப்போகும் சரக்கு. 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே போகும். காலை 8 மணிக்கு 100 பங்கு என்றால் 9.50-க்கு 50, 11.40-க்கு 25. சைக்ளோட்ரான் என்ற கருவியில் தயாராகி, ஈயப் பெட்டியில் வண்டியேறி வருகிறது. அரை மணி தாமதமாகப் போனால் மருந்து காத்திருக்காது. சொன்ன நேரத்துக்குப் போய்விட வேண்டும். வண்டி தாமதமானாலோ கருவி மக்கர் செய்தாலோ அன்றைய ஸ்கேன் தள்ளிப்போகும்; பட்டினி கிடந்த குழந்தையோடு திரும்ப வேண்டியிருக்கும். அதற்கும் மனதைத் தயார்படுத்திக்கொள்வது நல்லது.

முந்தைய நாள் முழுக்க ஓட்டம், சைக்கிள், நீச்சல் வேண்டாம். களைத்த தசை சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். முதல் நாள் இரவு மாவுச்சத்தைக் குறைக்கச் சொல்லும் மையங்கள் உண்டு. முட்டை, மீன், கோழி, பனீர், காய் என்று கொடுக்கலாம். ஸ்கேனுக்கு முன் 4 முதல் 6 மணி நேரம் வெறும் தண்ணீர் மட்டும். பெற்றோர் கண்டிப்பாக இருந்தும் இது உடையும் வழிகள் வேடிக்கையானவை. அழுகையை நிறுத்த பாட்டி கொடுத்த மிட்டாய். இனிப்பான இருமல் சிரப். வாயில் மென்றுகொண்டிருந்த சூயிங்கம். வார்டிலிருந்து வந்த குழந்தைக்கு ஓடிக்கொண்டிருந்த குளுக்கோஸ் டிரிப்ஸ். சர்க்கரை ஏறினால் இன்சுலின் சுரந்து, எஃப்டிஜி முழுவதும் தசைக்குள் போய்விடும். படத்தில் கைகால் பளபளக்கும், கட்டி மங்கிவிடும். கெட்ட ஸ்கேன் நல்ல ஸ்கேனாகத் தோன்றும். ஒளித்துவிடாமல் சொல்லிவிட்டால் வேறொரு நாள் எடுத்துக்கொள்ளலாம். கீமோவோடு ஸ்டீராய்டு சாப்பிடும் பிள்ளைக்குச் சர்க்கரை தானாகவே ஏறியிருக்கலாம். ஊசிக்கு முன் விரலில் குத்திப் பார்ப்பார்கள். டெசிலிட்டருக்கு 200 மில்லிகிராமைத் தாண்டியிருந்தால் பெரும்பாலும் ஒத்திவைப்பார்கள்.

எடையையும் உயரத்தையும் அன்றே அளக்க வேண்டும். கீமோவில் இருக்கும் குழந்தையின் போன மாத எடை இந்த மாதம் பொருந்தாது. ஊசி ஏறியபின் ஒரு மணி நேரம் கம்பளியைப் போர்த்தி, பேசாமல், செல்போனில் விளையாடாமல் படுத்திருக்க வேண்டும். வீட்டிலிருந்து கிளம்பும்போதே ஸ்வெட்டர், சாக்ஸ் போட்டுக் கூட்டிப்போவது இன்னும் நல்லது; பழுப்புக் கொழுப்பு எரியத் தொடங்கியபின் போர்த்திப் பயன் குறைவு. ஸ்கேனுக்குள் போகுமுன் சிறுநீர் கழிக்க வேண்டும். படுக்கையில் அசையாமல் இருக்க வேண்டிய நேரம் பொதுவாக 15 முதல் 30 நிமிடம். ஐந்தாறு வயதுக்குக் கீழ் மயக்க மருந்து தேவைப்படலாம். அதைத் தேதி வாங்கும்போதே பேசிவிட வேண்டும்.

முடிந்ததும் நிறையத் தண்ணீர், அடிக்கடி சிறுநீர். அன்று சில மணி நேரம் கர்ப்பிணிகளின் மடியிலோ கைக்குழந்தைக்குப் பக்கத்திலோ விடாமல் இருந்தால் போதும். மறுநாள் காலைக்குள் ஆயிரத்தில் ஒரு பங்கு கூட மிஞ்சாது. ஸ்கேனால் உடம்பில் சேரும் கதிர்வீச்சு கொஞ்சம் உண்டு. நோயறிய எடுக்கும்போது அது நியாயமான விலை. காரணமின்றித் திரும்பத் திரும்ப எடுத்தால் அநியாயமான விலை.

எல்லா ஸ்கேனையும் ஒரே மையத்தில், ஒரே கருவியில் எடுக்க முடிந்தால் ஒப்பிடுவது எளிது. முடியாவிட்டால் முதல் ஸ்கேன் பதிவான குறுந்தகட்டைக் கையோடு எடுத்துப்போக வேண்டும். அச்சடித்த ஃபிலிமும் ரிப்போர்ட்டும் போதாது; கல்லீரலையும் கட்டியையும் பக்கத்தில் வைத்து அளக்க அசல் படக்கோப்பு வேண்டும்.

மற்ற லிம்ஃபோமாக்களில்

ஹாட்ஜ்கின் அல்லாத வகைகளில் இதே உறுதியோடு பேச முடியாது. பர்கிட் லிம்ஃபோமா போன்ற வேகமான கட்டிகள் கீமோவில் சடசடவென்று அழியும். அழிந்த குப்பையும் அதைச் சுற்றிய வீக்கமும் ஒளிரலாம். அங்கே நல்ல ஸ்கேன் நம்பிக்கை தரும். மோசமான ஸ்கேனை பயாப்ஸி இல்லாமல் நம்பக் கூடாது. லிம்ஃபோபிளாஸ்டிக் வகையில் மஜ்ஜையிலும் ரத்தத்திலும் மிஞ்சிய அணுக்களை நேரடியாக எண்ணும் பரிசோதனைக்கு முக்கியத்துவம் அதிகம். ஹாட்ஜ்கின் குழந்தையின் பெற்றோர் சொன்னதை வைத்து இந்தக் குழந்தைகளின் ரிப்போர்ட்டைப் படித்தால் தப்பாகிவிடும்.

எல்லாம் முடிந்த பிறகு

சிகிச்சை முடிந்து நோய் அடங்கிய குழந்தைக்கு ஆண்டுதோறும் பெட் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாமா என்று கேட்பவர்கள் நிறைய. அறிகுறி எதுவும் இல்லாதபோது வழக்கமாக எடுக்க வேண்டியதில்லை என்பதே இன்றைய பரிந்துரை. சிகிச்சை முடிந்தபின் அப்படி எடுக்கும் படங்களில் ஒளிர்பவற்றில் பெரும்பகுதி தைமஸும் சளியும் டான்சிலும்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு பயாப்ஸி, ஒரு மாதத் தூக்கமின்மை. மருத்துவர் கையால் தடவிப் பார்ப்பதும், தேவைக்கேற்ற ரத்தப் பரிசோதனையும் போதும். கழுத்தில் வலியில்லாத புதுக் கட்டி இரண்டு மூன்று வாரமாகியும் கரையவில்லை, காரணம் தெரியாத காய்ச்சல் தொடர்கிறது, ராத்திரியில் துணி நனையுமளவு வியர்க்கிறது, எடை இறங்குகிறது என்றால் அடுத்த தேதி வரை காத்திருக்காமல் போக வேண்டும். அப்போது பெட் ஸ்கேனுக்கு மறுபடி வேலை வரும்.